இரைச்சலும் ஒரு சான்றே!

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

பழைய பாடல் ஒன்றைக் கேட்கிறோம். குரலுக்குப் பின்னே கரகரவென்று ஓர் ஓசை விடாமல் தொடர்ந்து வருகிறது. "இந்தக் கரகரப்பு மட்டும் இல்லாதிருந்தால் எத்துணை இனிமையாயிருக்கும்!" என்று எண்ணாதவர் நம்மில் யார்? அந்த எண்ணத்தை நிறைவேற்றித் தரும் மென்பொருள்கள் இன்று கணிப்பொறியிலும் கைப்பேசியிலும் வந்துவிட்டன. பொத்தானை அழுத்தினால் போதும். நூறாண்டுப் பழமையுடைய குரலும் நேற்றுப் பதிந்ததுபோல் தெளிவாகிறது. இது அறிவியல் நமக்களித்த நற்கொடை என்பதை மறுப்பதற்கில்லை. ஆயினும், பொத்தானை அழுத்து முன்னர் நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய வினாக்கள் இரண்டு உண்டு. எதனை நாம் இரைச்சல் என்று தள்ளுகிறோம்? தள்ளியதைத் திரும்பப் பெற இயலுமா? இவ்விரு வினாக்களையும் உங்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

இரைச்சல் பிறந்த கதை

1877ஆம் ஆண்டில் எடிசன் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டுபிடித்தார். அதற்குப் பத்தாண்டுகள் கழித்து எமில் பெர்லினர் தட்டு வடிவில் ஒலியைப் பதியும் முறையைக் கொணர்ந்தார். அந்த இசைத்தட்டுகளை எதனால் செய்தார்கள் தெரியுமா? நம் நாட்டுக் காடுகளில் சிறு பூச்சிகள் மரக்கிளைகளில் சுரக்கும் அரக்கினால்தான்! அரக்கு மட்டும் போதாது. எஃகு முள்ளின் அழுத்தத்தைத் தட்டு தாங்க வேண்டும் என்பதற்காகக் கற்பொடியையும் அதனுடன் கலந்தார்கள். அந்தப் பொடியின் நுண்ணிய மேடுபள்ளங்களில் முள் உரசுவதே நாம் கேட்கும் 'உஸ்' என்னும் ஓசை. தட்டில் ஒரு கீறல் விழுந்துவிட்டாலோ, நிமிடத்துக்கு 78 முறை சுழலும் தட்டில் அக்கீறல் 78 முறை 'டிக்' என்று ஒலிக்கும். மூன்று நிமிடப் பாட்டு முடிவதற்குள் 234 முறை!

பின்னர் ஒலிநாடா வந்தது. 1963இல் வெளிவந்த கேசட்டின் நாடா நான்கு மில்லிமீட்டருக்கும் குறைந்த அகலமுடையது. நொடிக்கு ஐந்து சென்டிமீட்டருக்கும் குறைவாகவே நகர்வது. அத்துணைச் சிறிய இடத்தில் பதிந்த காந்தத் துகள்களே தமக்கென ஓர் இரைச்சலை எழுப்பும். போதாக்குறைக்கு மின்சாரத்தின் 'ம்' என்னும் ரீங்காரமும் வந்து சேர்ந்துகொள்ளும்.

இந்த இரைச்சலோடு போராடியவர்களுள் முதன்மையானவர் ரே டால்பி. ஐக்கிய நாடுகள் சபையின் ஆலோசகராக இந்தியாவில் பணியாற்றிவிட்டு, 1965இல் இலண்டனில் தம் ஆய்வகத்தை நிறுவியவர் அவர். அவருடைய முறை புதிதாகப் பதியும் நாடாவில் இரைச்சல் ஏறாமல் காத்தது. முன்பே பதிந்துபோன இரைச்சலை நீக்கும் வேலைக்குக் கணிப்பொறி வர வேண்டியிருந்தது. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகப் பேராசிரியர் தாமஸ் ஸ்டாக்காம், 1921இல் மறைந்த இத்தாலியப் பாடகர் காரூசோவின் பழைய பதிவுகளைக் கணிப்பொறியில் ஏற்றி, அக்காலப் பதிவுக் கூம்பு உண்டாக்கிய ஒலிச்சிதைவை நீக்கினார். அவ்விசைத்தட்டு 1976இல் வெளியாயிற்று.

இன்று நிலைமை என்ன? 2000ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஆடாசிட்டி' என்னும் மென்பொருளை எவரும் இலவசமாகப் பெறலாம். செயற்கை நுண்ணறிவு வந்தபின் அதனினும் வியத்தகு செயல்கள் நிகழ்கின்றன. ஜான் லெனான் 1970களின் இறுதியில் வீட்டில் பியானோவுடன் பாடிப் பதிந்த ஒரு பாட்டை, 1995இல் பீட்டில்ஸ் குழுவின் மற்றவர்கள் முழுமைப்படுத்த முயன்றனர். குரலைப் பியானோவினின்றும் ரீங்காரத்தினின்றும் பிரிக்க இயலாமல் கைவிட்டனர். பின்னர்க் கணிப்பொறி அதனைப் பிரித்துத் தந்தது; 2023இல் பாட்டும் வெளியாயிற்று. மறைந்த கலைஞனின் குரல் உலகுக்குக் கிட்டியதே, இது நன்மையன்றோ? நன்மையே.

கணிப்பொறிக்குக் காது உண்டா?

இம்மென்பொருள் வேலை செய்யும் விதத்தைச் சற்றே பார்ப்போம். பாட்டு தொடங்குவதற்கு முன்னுள்ள ஓரிரு நொடிகளை நாம் தேர்ந்தெடுத்து, "இதுதான் இரைச்சல்" என்று அதற்குக் காட்ட வேண்டும். அந்த இரண்டு நொடியில் எந்தெந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஒலி இருக்கிறதென்று அது கணக்கெடுத்துக்கொள்ளும். பிறகு பதிவு முழுவதிலும், ஒவ்வோர் அதிர்வெண்ணிலும் அந்த அளவுக்கு மேல் எழாத ஒலியையெல்லாம் குறைத்துவிடும். இவ்வளவே அதன் அறிவு. அது இசையை அறியாது, மொழியை அறியாது, நாம் காட்டியதை மட்டுமே அறியும்.

இதனால் விளையும் தீங்கைப் பாருங்கள். கருநாடக இசைப் பதிவு ஒன்றில் பாடகர் வாய் திறப்பதற்கு முன்பே தம்புரா மீட்டப்படுகிறது. அந்த நொடிகளை இரைச்சலின் மாதிரியாகக் காட்டினால் என்னவாகும்? தம்புராவே இரைச்சலாகிவிடும்! ஒரே சீராக நீளும் ஓசை எதுவாயினும் அது இந்த மென்பொருளின் கண்ணுக்குக் குப்பைதான். ஆனால், நம் முன்னோர் அந்த ரீங்காரத்தை வேண்டுமென்றே உண்டாக்கினார்கள். தம்புராவின் குதிரைமேல் தந்திக்கு அடியில் வைக்கும் நூலுக்கு 'ஜீவா' என்றே பெயரிட்டார்கள். உயிரென்று நாம் பெயரிட்டதை இரைச்சலென்று இயந்திரம் நீக்கினால் அதனைத் துப்புரவு என்பதா?

பேச்சுப் பதிவுகளுக்கும் இதே கதிதான். ச, ஸ போன்ற ஒலிகளை நாம் உச்சரிக்கும்போது காற்று உரசி வெளிவருகிறது. அந்த உரசலும் ஒலிநாடாவின் 'உஸ்' ஓசையும் ஒரே உயர் அதிர்வெண் பகுதியில் குடியிருப்பவை. ஒன்றை விரட்டினால் மற்றொன்றும் மங்கும். கிரியர்சன் முன்னின்று நடத்திய இந்திய மொழிக் கணக்கெடுப்பின்போது, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், பல மொழிகளின் பேச்சை இசைத்தட்டுகளில் பதிந்தார்கள். தமிழ்ப் பேச்சும் அவற்றுள் உண்டு. நூறாண்டுக்கு முன் நம்மவர் 'ச'கரத்தை எப்படி உச்சரித்தனர், 'ழ'கரத்தை எப்படி உருட்டினர் என்று ஆராயும் மொழியியல் மாணவன், அளவுக்கு மீறித் துப்புரவு செய்த பிரதியைக் கையிலெடுத்தால் அவன் முடிவு பிழையாவது உறுதி.

எட்டத்திலிருந்து மட்டும் இதனை நான் சொல்லவில்லை. எங்களுடையது நெசவுக் குடும்பம். என் அப்பாயி கைத்தறியில் அமர்ந்தபடியே தாலாட்டுப் பாடுவார். 1980களில் என் பெரியப்பா அதனை ஒரு கேசட்டில் பதிந்து வைத்திருந்தார். சில ஆண்டுகளுக்கு முன்னர் அதனைக் கணிப்பொறிக்கு மாற்றித் தரும்படி நகரத்துக் கடை ஒன்றில் கொடுத்தோம். கடைக்காரர் தாமாகவே குரலை மட்டும் பிரிக்கும் மென்பொருளில் இட்டு, 'சுத்தமாக்கி'க் கொடுத்தார். குரல் தெளிவாகத்தான் இருக்கிறது. ஆனால், தறியின் ஓசை துளியும் இல்லை. அடியின் முடிவில் அப்பாயி இழுத்து நிறுத்தும் ஓசையின் கடைப்பகுதியும் இல்லை. மிதியின் தாளத்துக்குப் பாடிய பாட்டு அது. தாளம் போனபின், படி தெரியாமல் இறங்குபவர்போல் பாட்டு தடுமாறுகிறது. கேசட்டின் நாடா கருவியில் சிக்கி அறுந்துவிட்டதாம், எறிந்துவிட்டார்கள். துப்புரவு செய்யாத பிரதியும் வைக்கப்படவில்லை. அப்பாயி இன்றில்லை, தறியும் விற்றாயிற்று. எங்கள் வீட்டில் முப்பது ஆண்டு ஒலித்த ஓசையை எங்கள் வீட்டுப் பிள்ளைகள் இனி எதில் கேட்பார்கள்?

இரைச்சல் சாட்சி சொல்லும்

வரலாற்று மாணவன் என்ற முறையில் இன்னொன்றையும் கூற விழைகிறேன். இன்று வேண்டாதது நாளை சான்றாகும். 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் என்னும் பாடகியின் பாட்டை கிராமபோன் கம்பெனியார் பதிந்தனர். பாட்டு முடிந்ததும், தம் பெயரை அவர் ஆங்கிலத்தில் உரக்கச் சொல்வது தட்டுகளில் கேட்கிறது. இசையை மட்டும் விரும்புவோர்க்கு அது இடையூறே. ஆனால், அத்தட்டுகள் ஜெர்மனியின் ஹானோவர் நகரில் அச்சாயின. யாருடைய பாட்டு என்று அங்குள்ள தொழிலாளர்க்குத் தெரிவதற்காகவே அந்த அறிவிப்பு. ஒரு வரிக் கூச்சலுக்குள் அக்கால வணிகத்தின் வரலாறே அடங்கியிருக்கிறதல்லவா?

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் நிக்சன் காலத்து வாட்டர்கேட் வழக்கை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். 1972 ஜூன் 20ஆம் நாள் பதிந்த ஒலிநாடாவில் பதினெட்டரை நிமிடம் பேச்சே இல்லை. வெறும் ரீங்காரம் மட்டுமே. நீதிமன்றத்திற்காக அறுவர் கொண்ட வல்லுநர் குழு அதனை ஆராய்ந்தது. பதிவுக் கருவியை இயக்கி நிறுத்தும்போது நாடாவில் விழுந்த தடயங்களைக் கொண்டு, குறைந்தது ஐந்து முறை அப்பகுதி அழிக்கப்பட்டதென்று 1974இல் குழு அறிவித்தது. அந்த அறுவருள் ஒருவர் யார்? காரூசோவின் பதிவைச் சீர்செய்த அதே ஸ்டாக்காம்தான்! ஒலியைத் துலக்கத் தெரிந்தவருக்கே இரைச்சலின் அருமையும் தெரிந்திருக்கிறது.

இன்று தடயவியல் அறிஞர்கள் மின்சார ரீங்காரத்தைக் கொண்டே ஒரு பதிவின் நாளையும் நேரத்தையும் ஆராய்கிறார்கள். நம் நாட்டு மின்னோட்டம் நொடிக்கு 50 சுழற்சி என்றாலும், அது கணந்தோறும் சிறிது ஏறி இறங்கும். அந்த ஏற்ற இறக்கம் பதிவிலும் ரேகைபோல் விழுகிறது. நாம் 'இரைச்சல்' என்று அழிப்பது அந்தக் கைரேகையைத்தான்.

அப்படியாயின் என்ன செய்வது?

"கரகரப்பைக் கேட்டுக்கொண்டு எவன் உட்கார்ந்திருப்பான்? துப்புரவு செய்தால்தான் இளைஞர்கள் பழைய இசையைக் கேட்பார்கள்" என்று நண்பர் சிலர் வாதிடுகின்றனர். அவர்கள் வாதத்தில் நியாயம் உண்டு. பேழைக்குள் பூட்டிய செல்வத்தால் யாருக்கும் பயனில்லை. துப்புரவு கூடாது என்பதன்று என் கருத்து. துப்புரவு செய்த பிரதி கேட்பதற்கு. செய்யாத பிரதி காப்பதற்கு. இரண்டும் வேண்டும் என்பதே என் கருத்து. ஒலி ஆவணக் காப்பகங்களின் உலகச் சங்கமும் இதனையே நெறியாக வகுத்துள்ளது. மூலத்தைக் கணிப்பொறிக்கு மாற்றுகையில் எதையும் கூட்டாமல், எதையும் குறைக்காமல் பதிய வேண்டும். நொடிக்குக் குறைந்தது 48,000 மாதிரிகளும் 24 பிட் நுட்பமும் வேண்டும் என்கிறது அது. "அதற்கு இடம் ஏது?" என்று அஞ்ச வேண்டுவதில்லை. அவ்வளவில் ஒரு மணி நேரப் பதிவுக்கு ஏறத்தாழ ஒரு ஜிகாபைட் போதும். ஒரு திரைப்படத்திற்குக் கைப்பேசியில் இடம் தருகிறோம். பாட்டியின் குரலுக்குத் தரலாகாதா?

மாணவ நண்பர்களே! நம்மில் பலர் கிராமங்களிலிருந்து வருகிறோம். ஆய்வேட்டிற்காகத் தாலாட்டும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் பதிவு செய்கிறோம். வீட்டு அலமாரிகளில் பழைய கேசட்டுகள் பூசணம் பூத்துக் கிடக்கின்றன. அவற்றை மாற்றும்போது முதற்கண் உள்ளது உள்ளபடியே ஒரு பிரதி எடுங்கள். அதனை எம்.பி.3 ஆகச் சுருக்காதீர்கள். அச்சுருக்கமும் ஒலியின் ஒரு பகுதியைக் களையவே செய்யும். யார் பாடியது, எங்கே, எந்நாளில் என்று ஒரு தாளில் எழுதி உடன் வையுங்கள். பிறகு, மற்றொரு பிரதியில் விரும்பியவாறு துப்புரவு செய்யுங்கள். ஆடாசிட்டியில், நீக்கப்போவதை மட்டும் தனியே கேட்கும் வசதி ஒன்று உண்டு. அதனைக் கட்டாயம் கேளுங்கள். தள்ளிய குப்பைக்குள் குரலின் சாயல் கேட்குமாயின், அளவு மீறிவிட்டீர்கள் என்று பொருள்.

நம் கல்லூரி நூலகத்தில் இத்தகைய பதிவுகளைத் திருத்தாத வடிவில் சேர்த்து வைக்க ஒரு சிறு பிரிவு தொடங்கப்பட வேண்டும். பெரிய நிதி தேவையில்லை. ஒரு கணிப்பொறியும், சேமிப்பதற்கு இரு வன்தட்டுகளும், பொறுப்பேற்க ஓர் ஆசிரியரும் போதும். தமிழ்த்துறையும் வரலாற்றுத்துறையும் கைகோத்தால் இஃது அரிய செயலன்று. பேராசிரியப் பெருமக்கள் இவ்வேண்டுகோளுக்குச் செவிசாய்ப்பார்களாக!

கல்வெட்டைப் படியெடுப்பவர் தமக்குப் புரியாத எழுத்தைச் சுரண்டி எறிவதில்லை. புரிந்தவர் நாளை வருவார் என்று அப்படியே விட்டுவைக்கிறார். ஒலிக்கும் அந்த அறமே பொருந்தும்.