லாரியே வீடு: நின்ற நாளுக்குக் கூலி ஏது?

அமெரிக்காவில் ஒரு வழக்கம் உண்டு. பிக்கப் வண்டியின் முதுகில் சிறு வீடு ஒன்றை ஏற்றிப் பூட்டிக்கொண்டு, கணவனும் மனைவியுமாக மாதக்கணக்கில் ஊர் சுற்றப் புறப்பட்டு விடுகிறார்கள். தலைக்கு மேலே கட்டில். பின்னால் அடுப்பு, தண்ணீர்த் தொட்டி, சிறு குளிர்பதனப் பெட்டி. பிடித்த இடத்தில் நிறுத்திச் சமைக்கிறார்கள். பிடிக்காவிட்டால் அடுத்த ஊருக்குப் போகிறார்கள். பணமும் ஓய்வும் உள்ளவர்களின் பொழுதுபோக்கு அது.

நம் நாட்டிலும் வண்டியிலேயே குடித்தனம் நடத்துகிறவர்கள் உண்டு. அவர்கள் ஊர் சுற்றிப் பார்க்கப் புறப்பட்டவர்கள் அல்லர். நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு, சேலம் பகுதிகளிலிருந்து வடக்கே லாரி ஓட்டி வரும் நம்மவர்கள்தான் அவர்கள். கேபின்தான் அவர்களுக்குப் படுக்கையறை, பூஜையறை, சாமான் அறை எல்லாம். ஊரில் வீடு இருக்கிறது. ஆனால் அந்த வீட்டில் படுத்த இரவுகளைவிட லாரியில் படுத்த இரவுகளே அதிகம்.

மும்பையில் வாழும் நமக்கு அவர்கள் அந்நியர் அல்லர். ஏகாதசிக்கும் நவராத்திரிக்கும் மராட்டியர் வீடுகளில் கிண்டும் சாபுதானா கிச்சடிக்குச் சேலத்து ஜவ்வரிசி வந்து சேருவது அவர்கள் கையால்தான். ஈரோட்டு மஞ்சளும் சிவகாசித் தீப்பெட்டியும் அப்படியே. திரும்பும்போது நாசிக் வெங்காயத்தை ஏற்றிக்கொண்டு போகிறார்கள். நாம் ரயிலில் முன்பதிவு செய்து ஊருக்குப் போய் வருகிறோம். அவர்கள் அதே தூரத்தை மாதத்துக்கு எத்தனை தடவை அளக்கிறார்கள் என்று நாம் எண்ணிப் பார்ப்பதில்லை.

ஒரு நாள் எப்படிக் கழிகிறது?

சேலத்திலிருந்து மும்பை ஏறத்தாழ 1,200 கிலோ மீட்டர். ஓசூர், பெங்களூரு, தும்கூரு, சித்ரதுர்கா, தாவணகெரே, ஹூப்ளி, பெல்காம், கோலாப்பூர், சாத்தாரா, புனே என்று பாதை நீள்கிறது. கடைசியில் கண்டாலா மலைப்பாதையில் இறங்கினால் நவி மும்பையின் களம்போலி, வாஷி.

விடியுமுன் எழுந்தவுடன் முதல் வேலை டயர்களைத் தட்டிப் பார்ப்பது. தட்டும் ஓசையிலேயே காற்று சரியா, குறைவா என்று தெரிந்துவிடும். பிறகு தார்பாய்க் கயிற்றை இழுத்து முடிவது, கண்ணாடியைத் துடைப்பது, டாஷ்போர்டில் இருக்கும் முருகனுக்கோ மாரியம்மனுக்கோ ஊதுபத்தி கொளுத்துவது. பெட்ரோல் பங்கில் குழாய் இருந்தால் குளியல். இல்லையென்றால் முகம் கழுவுவதோடு சரி. காலைக்கடனுக்கு ஒரு பாட்டில் தண்ணீரும், ஆள் நடமாட்டம் இல்லாத ஒரு மறைவும் தேட வேண்டும். சாலைகள் நாலு வழி, ஆறு வழியாக அகன்று விட்டன. ஆனால் இருபுறமும் வேலி போட்ட அந்தச் சாலைகளில் லாரியை ஓரங்கட்ட இடம் தேடுவதே பெரும்பாடு.

சமையல் லாரியின் நிழலில் நடக்கிறது. ஊரிலிருந்து கொண்டு வந்த அரிசி, புளி, மிளகாய்த்தூள், ஒரு சிறு அடுப்பு, இரண்டு பாத்திரம். சோறு வடித்து, குழம்பு ஒன்று கூட்டி, முட்டையை உடைத்து ஊற்றினால் விருந்து. டாபாவில் சப்பாத்தி கிடைக்காமல் இல்லை. ஆனால் தினம் மூன்று வேளை டாபாவில் உண்டால், கையில் வாங்கிய படி வீட்டுக்குப் போய்ச் சேராது. நாமக்கல் பகுதியின் சமையல் எரிவாயு டாங்கர் டிரைவர்களுக்கோ இந்த வசதியும் இல்லை. நாட்டு அடுப்புகளுக்கெல்லாம் எரிவாயு கொண்டு போகிறவர்கள், தங்கள் வண்டி அருகே ஒரு தீக்குச்சி கிழிக்கக் கூடாது!

இரவில் டிரைவர் இருக்கைக்குப் பின்னால் உள்ள பலகையில் படுக்கை. கோடையில் கேபின் கொதித்தால், லோடின் மேல் தார்பாயில் ஏறிப் படுக்கிறார்கள்; அல்லது வண்டிக்கு அடியில் தூளி கட்டிக்கொள்கிறார்கள். அதுவும் முழுத் தூக்கமல்ல. டீசலை உறிஞ்சிக்கொண்டு போவான், ஸ்டெப்னியைக் கழற்றுவான், தார்பாயை அறுப்பான் என்ற பயத்தில் ஒரு கண் விழித்தே இருக்கிறது.

முன்பெல்லாம் உடன் ஒரு கிளீனர் இருப்பார். ஒருவர் ஓட்டினால் மற்றவர் சமைப்பார், காவல் இருப்பார், பேச்சுத் துணையும் ஆவார். கிளீனராக ஏறியவர்தான் சில ஆண்டுகளில் டிரைவர் ஆனார். இப்போது பல லாரிகளில் ஒரே ஆள். அவரே டிரைவர், அவரே சமையற்காரர், அவரே காவற்காரர்.

ஓட்டத்தைவிட நிறுத்தமே கொடுமை

இத்தனையும் ஓடும்போது படும் பாடு. லாரிக்காரரைக் கேட்டால், ஓடுவது கஷ்டமில்லை, நிற்பதுதான் கஷ்டம் என்பார். 1,200 கிலோ மீட்டரைக் கடந்து வந்தவர், கிடங்கு வாசலில் ஒரு நாள், இரண்டு நாள் காத்துக் கிடக்கிறார். நகருக்குள் நெரிசல் நேரத்தில் கனரக வண்டிகளுக்குத் தடை. தடை நீங்கி உள்ளே போனால், "இன்று இடமில்லை, நாளை வா" என்ற பதில். சரக்கு இறங்கிய பிறகு ரிட்டர்ன் லோடுக்காக புக்கிங் ஆபீஸ் வாசலில் மீண்டும் தவம்.

இந்தக் காத்திருப்புக்குக் கூலி கிடையாது என்பதே விஷயத்தின் வேர். டிரைவருக்குப் பெரும்பாலும் மாதச் சம்பளம் இல்லை. நடைக்கு இவ்வளவு என்றோ, வாடகையில் இத்தனை பங்கு என்றோதான் கணக்கு. சக்கரம் உருண்டால் பணம். நின்றால் சொந்தக் காசில் சாப்பாடு. வாசலில் இழந்த இரண்டு நாளை அவர் எப்படி மீட்பார்? ராத்திரி ஓட்டித்தான் மீட்க வேண்டும். தூங்க வேண்டிய நேரத்தை விற்றுத்தான் அந்தக் கடனை அடைக்கிறார். மறுநாள் பத்திரிகையில், "டிரைவர் கண் அயர்ந்ததால் விபத்து" என்று ஒரு வரி வருகிறது. அந்தத் தூக்கத்தைப் பறித்தது எந்தக் கிடங்கு வாசல் என்று யாரும் எழுதுவதில்லை.

சட்டம் என்ன சொல்கிறது?

சட்டம் இல்லாமல் இல்லை. 1961-ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், நாளைக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று வேலை நேரத்தை வரையறுத்தது. தொலைதூரப் பாதைகளில் அனுமதி பெற்று நாளைக்கு 10 மணி வரை போகலாம் என்றது. 5 மணி நேர வேலைக்குள் அரை மணி ஓய்வும் வேண்டும் என்றது. பிறகு 2020-ல் இயற்றிய தொழிலாளர் சட்டத் தொகுப்பில் இந்தச் சட்டமும் சேர்க்கப்பட்டது. 8 மணி என்ற எண் மட்டும் மாறவில்லை. அது காகிதத்தைவிட்டுச் சாலைக்கு இறங்கவுமில்லை.

அந்த 1961-ஆம் ஆண்டுச் சட்டத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. நிலையத்தில் வெறுமனே காத்திருக்கும் நேரம் 15 நிமிடத்துக்குக் குறைவானால் அதுவும் வேலை நேரத்தில் சேரும் என்று அது கூறியது. 15 நிமிடம் எங்கே, இரண்டு நாள் எங்கே? சட்டம் எழுதியவர்கள் பேருந்து நிலையத்தைக் கண்டிருப்பார்கள். களம்போலியில் வரிசையாக நிற்கும் லாரிகளைக் கண்டிருக்க மாட்டார்கள்.

தேசியப் பெர்மிட் லாரியில் 2 டிரைவர்கள் இருக்க வேண்டும் என்ற விதியும் முன்பு இருந்தது. 2018-ல் அந்தக் கட்டாயம் நீக்கப்பட்டது. ஆனால் தண்டனை விஷயத்தில் மட்டும் டிரைவரை யாரும் மறக்கவில்லை. விபத்து நடத்திவிட்டுத் தகவல் தராமல் ஓடினால் 10 ஆண்டு வரை சிறை என்று 2023-ல் புதிய தண்டனைச் சட்டத்தில் எழுதினார்கள். 2024 ஜனவரியில் நாடெங்கும் டிரைவர்கள் வண்டிகளை நிறுத்திய பிறகே, அந்தப் பிரிவு நிறுத்தி வைக்கப்பட்டது.

ஐரோப்பிய நாடுகளைப் பாருங்கள். நாலரை மணி ஓட்டினால் 45 நிமிடம் கட்டாய இடைவேளை. பொதுவாக நாளைக்கு 9 மணிக்கு மேல் ஓட்டக்கூடாது. ஓட்டிய நேரத்தை வண்டியில் உள்ள கருவியே பதிவு செய்கிறது. வாரத்துக்கு ஒருமுறை எடுக்கும் 45 மணி நேர நீண்ட ஓய்வைக் கேபினில் கழிக்கவே கூடாது. முதலாளி செலவில் முறையான தங்குமிடம் தர வேண்டும். கேபின் எவ்வளவு வசதியாக இருந்தாலும் அது வீடாகாது என்பதே அதன் பொருள்.

குளிர்சாதனம் வந்தது, ஓய்வு வந்ததா?

அரசு ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்வது நியாயமாகாது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகும் நடுத்தர, கனரக லாரிகளின் கேபினில் குளிர்சாதனம் கட்டாயம். வரவேற்க வேண்டிய உத்தரவு. ஆனால் அதற்கு முன் வாங்கிய லாரிகளே இன்னும் பல ஆண்டுகள் சாலையில் ஓடும். மேலும், என்ஜின் ஓடினால்தான் அந்தக் குளிர்சாதனம் ஓடும். கிடங்கு வாசலில் இரவு முழுவதும் என்ஜினை ஓடவிட்டு டீசலை எரிக்க எந்த உரிமையாளர் சம்மதிப்பார்? ஓடும்போது குளிர்ச்சி, படுக்கும்போது புழுக்கம் என்பதே மிஞ்சும்.

பொதுத்துறை எண்ணெய் நிறுவனங்கள் பெட்ரோல் பங்குகளில் "அப்னா கர்" என்ற பெயரில் டிரைவர் தங்கும் விடுதிகளைக் கட்டி வருகின்றன. கட்டில், குளியலறை, கழிப்பறை, சமையலிடம் எல்லாம் உண்டு. நல்ல முயற்சி. ஆனால் லாரிக்கு யார் காவல்? லட்சக்கணக்கில் மதிப்புள்ள சரக்கைச் சாலையோரம் விட்டுவிட்டுக் கட்டிலில் படுக்கத் தனி ஆளாக வந்த டிரைவருக்கு மனம் வருமா? விடுதியோடு வேலியும் விளக்கும் காவலும் உள்ள நிறுத்துமிடமும் சேர்ந்தால்தான் அந்தப் படுக்கையில் தூக்கம் வரும்.

உரிமையாளர் தரப்பு

லாரி உரிமையாளரையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துவதும் சரியல்ல. அவர்களில் பலர் ஒன்றிரண்டு லாரி வைத்திருப்பவர்கள். நேற்று வரை டிரைவராக இருந்தவர்கள். டீசல், சுங்கம், இன்சூரன்ஸ், டயர், மாதத் தவணை எல்லாம் போக மிஞ்சுவது சொற்பம். இரண்டாவது டிரைவரை வை என்று அவர்களிடம் மட்டும் சொன்னால், லாரியை விற்றுவிடுவதே மேல் என்பார்கள்.

செலவை ஏற்க வேண்டியவர் யார்? காத்திருக்க வைப்பவர்தான். லாரியை இரண்டு நாள் நிறுத்தி வைத்தால் சரக்குக்காரருக்குக் கிடங்கு வாடகை மிச்சம். அதாவது, லாரியே அவருக்கு வாடகையில்லாக் கிடங்கு ஆகிறது. டிரைவரே சம்பளமில்லாக் காவலாளி ஆகிறார். இதற்கு விலை வைத்தால் காத்திருப்பு தானாகவே குறையும்.

மும்பை காட்டிய வழி

இது நடக்காத காரியம் என்று நினைப்பவர்கள் வாஷி மார்க்கெட்டையே பார்க்கலாம். அங்கே மூட்டை இறக்கும் மாத்தாடித் தொழிலாளர்களும் ஒரு காலத்தில் கேட்பாரற்றுக் கிடந்தவர்கள்தான். 1969-ல் மகாராஷ்டிரத்தில் மாத்தாடி, ஹமால் தொழிலாளர்களுக்கென்று தனிச் சட்டம் வந்தது. தொழிலாளி, முதலாளி, அரசு ஆகிய மூன்று தரப்பும் அமர்ந்த வாரியங்கள் அமைந்தன. தொழிலாளி பதிவு செய்யப்பட்டார். கூலி வாரியத்தின் வழியே வந்தது. வருங்கால வைப்பு நிதி போன்ற பயன்களுக்கு வேலை தருபவரே கூடுதல் தொகை கட்டினார். குறைகள் இன்றும் உண்டு. ஆனாலும் தினக்கூலியாக அலைந்தவருக்கு ஒரு முகவரி கிடைத்தது.

ஆக, ஒரே லாரியின் மூட்டையை இறக்குபவருக்கு ஒரு சட்டம் துணை நிற்கிறது. அதை 1,200 கிலோ மீட்டர் சுமந்து வந்தவருக்கு அப்படி ஒன்று இல்லை. தமிழகத்தில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கு நலவாரியம் உண்டு. ஆனால் ஆண்டின் பெரும்பகுதியை வெளிமாநிலங்களில் கழிப்பவருக்கு, அவர் நிற்கும் இடத்திலேயே துணை நிற்கும் ஏற்பாடு வேண்டும். மாநில எல்லைகளைத் தாண்டும் தொழிலுக்கு, எல்லை தாண்டிய வாரியத்தை மத்திய அரசுதான் அமைக்க முடியும். காத்திருப்புக் கட்டணத்தை அந்த வாரியமே வசூலித்து, டிரைவரின் பங்கை அவர் கணக்கில் சேர்க்கலாம்.

நம் கையில் இருப்பது

சட்டம் வரும்போது வரட்டும். இந்த நகரத்தில் கிடங்குகளிலும், புக்கிங் ஆபீஸ்களிலும், கப்பல் சரக்கு அலுவலகங்களிலும் குமாஸ்தாக்களாகவும் மேற்பார்வையாளர்களாகவும் நம் தமிழர்கள் நிறையப் பேர் இருக்கிறோம். லாரி வந்த நேரத்தை ரசீதில் எழுதுவது நம் பேனாதான். சாப்பாட்டு நேரம் என்று வரிசையை நிறுத்துவதும், நாளை வா என்று சொல்வதும் சில சமயம் நம் வாய்தான்.

முதலாளியைக் கேட்டுச் செய்ய வேண்டியவை சில உண்டு. கேட்காமலே செய்யக்கூடியவையும் உண்டு. வந்த நேரத்தையும் விட்ட நேரத்தையும் உள்ளது உள்ளபடி ரசீதில் குறித்து, கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். நாளைக் காத்திருப்புக் கட்டணத்துக்குச் சண்டை வந்தால், டிரைவரின் கையில் அது ஒன்றே ஆதாரம். இன்று இறக்க முடியாது என்று தெரிந்தால் காலையிலேயே சொல்லிவிட்டால், அவர் நிம்மதியாக ஆறு மணி நேரம் தூங்குவார். அலுவலகக் கழிப்பறையையும் குடிநீர்க் குழாயையும் அவருக்குத் திறந்துவிடுவதால் எந்தக் கம்பெனியும் நஷ்டப்பட்டுவிடாது.

பிழைப்புக்காக ஊரை விட்டு வந்தவர்கள் நாம். ஆயினும் ஒண்டுவதற்கு ஓர் அறையோ, ஒரு சாலோ கிடைத்தது. நம்மைப் போலவே பிழைப்புக்குப் புறப்பட்ட இன்னொருவருக்கு நாலு சக்கரத்துக்கு மேல் வீடு அமைந்துவிட்டது. அந்த வீடு நம் வாசலில் வந்து நிற்கும்போது, அதற்குள் ஒரு மனிதர் குடியிருக்கிறார் என்ற நினைவாவது நமக்கு இருக்க வேண்டும்.