சத்தம் போட்டால் போதுமா?

அரைப்பேர் போட்டுவிட்டார்கள் என்று லிந்துலைத் தோட்டங்களில் பெரட்டுக்கு நின்று சத்தம் போடுகிறோம். "பார்க்கலாம்" என்கிறார் துரை. அதோடு சரி. நம் கோபம் நியாயமானது. ஆனால் விபரம் இல்லாத கோபத்தைத் தட்டிக்கழிப்பது சுலபம்.

எந்தத் தேதி, எந்த மலை, எத்தனை கிலோ, நாம் கேட்பது என்ன: இந்த நான்கையும் எழுதிக் கொடுப்போம். பிரதியில் கையொப்பமும் தேதியும் வாங்குவோம். அரச அலுவலகத்துக்குத் தமிழிலேயே எழுதலாம், தமிழிலேயே பதில் கேட்கலாம். 1988இல் வந்த அரசியலமைப்பின் 16ஆவது திருத்தம் தந்த உரிமை அது.

அன்று கோ. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சி அம்மையார், எழுத்தறியாத நம் முன்னோருக்கு உரிமைகளைப் பாட்டாகப் பாடி விளங்கவைத்தார். கேட்பவருக்கு விளங்கும்படி சொல்வதுதான் பேச்சு.

கேட்பதும் அதில் பாதி. மலையில் நனைந்து வந்தவள் பேசும்போது, வீட்டு ஆண்கள் ஃபோனைக் கீழே வைப்போம். வீட்டார் காது கொடுத்துக் கேட்கும் பிள்ளைதான் வகுப்பில் எழுந்து கேள்வி கேட்கிறது. பாடசாலையில் தினமும் பார்க்கிறோம்.

இன்றே ஒரு கொப்பி வாங்குங்கள். அன்றன்றைய கிலோவை அன்றன்றே பிள்ளையைக் கொண்டு எழுதி வையுங்கள். தலைவரிடம் வரும்போது அந்தக் கொப்பியோடு வாருங்கள்.