பாம்பேயில் மண் மூடிய பாகம்

இத்தாலியில் வெசூவியஸ் எரிமலையின் அடிவாரத்திலுள்ள பாம்பேய் நகரத்தைக் காணச் செல்கிறவர்கள், அந்நகரின் மூன்றில் ஒரு பாகம் இன்னும் மண்ணுக்கடியிலேயே இருக்கிறது என்று கேட்டதும், அதையும் ஏன் தோண்டிப் பார்க்கவில்லை என்று வினவுவது இயல்பே. ஆனால், அதைத் தோண்டாமல் விட்டு வைத்திருப்பதே விவேகம் என்பது என் திடமான அபிப்பிராயம்.

கி.பி. 79-இல் மலை வெடித்தபோது, முதலில் நுரைக்கல்லும் சாம்பலும் மணிக்கணக்காகப் பொழிந்து வீட்டுக் கூரைகளை அழுத்தி வீழ்த்தின. பின்னர் மலைச்சரிவிலிருந்து பாய்ந்து வந்த அனற்பிரவாகம், தப்பி ஓடாமல் எஞ்சியிருந்த ஜனங்களை இருந்த இடத்திலேயே மாய்த்தது. மாய்த்த அந்தச் சாம்பலே நகரத்தைப் பதினேழு நூற்றாண்டுகள் காத்தும் வந்தது. பாதசாரிகள் கால் நனையாமல் வீதியைக் கடப்பதற்கென்று குறுக்கே பதித்த உயரமான கற்களும், அவற்றின் இடைவெளியில் வண்டிச் சக்கரங்கள் அரைத்து அரைத்து உண்டாக்கிய தடங்களும் இன்றும் பிரத்தியட்சமாகத் தெரிகின்றன. ஒரு ரொட்டிக்கடையின் அடுப்பிலிருந்து, கரியாகிப்போன 81 ரொட்டிகள் உருக்குலையாமல் கிடைத்தன.

அகழ்வு தொடங்கியது 1748-இல். மாண்டவர்களின் தேகங்கள் மக்கி மறைந்த பின்னும், இறுகிய சாம்பலுக்குள் அவர்களுடைய வடிவிலேயே வெற்றிடங்கள் எஞ்சியிருந்தன. அவற்றில் சாந்தை ஊற்றி, முகத்தைக் கைகளால் மூடியபடியும் உடலைக் குறுக்கிக்கொண்டும் உயிர்விட்டவர்களின் உருவங்களை வார்த்தெடுக்கும் முறையை ஜியுசெப்பே ஃபியோரெல்லி கையாண்டது 1863-இல்தான். அதற்கு முந்திய நூற்றுப் பதினைந்து ஆண்டுகளில் தோண்டியவர்கள் அத்தகைய வெற்றிடங்கள் பலவற்றின் மதிப்பை அறியாமலே உடைத்துப்போட்டார்கள். அவர்களே நகரம் முழுவதையும் தோண்டித் தீர்த்திருந்தால் நமக்கு என்ன மிஞ்சியிருக்கும்? தாயும் குழந்தையும் என்று நெடுங்காலம் கருதப்பட்ட இரு உருவங்களில், பெரியவர் ஓர் ஆண் என்பதையும், அவருக்கு அக்குழந்தையோடு இரத்த சம்பந்தமே இல்லை என்பதையும் 2024-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி காட்டியிருக்கிறது. வருங்காலத்தாரின் கருவிகள் நம்முடையவற்றினும் நுட்பமாக இருக்கும் என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டுவதில்லை.

தோண்டி வெளிப்படுத்தியதைக் காப்பாற்றுவதும் எளிதன்று. வெயிலும் மழையும் சுவர்ச் சித்திரங்களின் வர்ணத்தை ஓயாமல் அரிக்கின்றன. 1943-இல் உலக யுத்தத்தின் குண்டுகள் இந்த இடிபாடுகளின்மேலும் விழுந்தன. 2010 நவம்பரில் மல்லர்களின் கூடம் என்று வழங்கிய கட்டடம் இடிந்து விழுந்து உலகெங்கும் கண்டனத்தை எழுப்பியது. மண்ணின்கீழ் உள்ளதற்கோ இந்த அபாயங்களில் பெரும்பாலானவை இல்லை.

ஆகவே, சரிந்து விழும் மண்மேடுகளைத் தாங்கி நிறுத்துவதற்கு இன்றியமையாத அளவுக்குமேல் அங்கே மண்வெட்டி படலாகாது. நாளொன்றுக்கு 20,000 பேருக்குமேல் அனுமதிப்பதில்லை என்று 2024 நவம்பரில் விதித்த வரம்பையும் யாத்திரிகர்கள் மனமுவந்து ஏற்க வேண்டும். நம் தலைமுறைக்கு உரிய பங்கை நாம் கண்டாயிற்று. மீதியை நம் சந்ததியாருக்கு விட்டு வைப்பதே நியாயம்.