கிளம்பிப் போனது கம்பெனி, நிற்கிறது கார்

பியூஜோ 309 இந்தியாவில் விற்பனைக்கு வந்தது 1994-ல். பத்மினி கார்களைச் செய்துவந்த பிரீமியர் ஆட்டோமொபைல்ஸுடன் கைகோத்து, மும்பைக்கு அருகே கல்யாண் ஆலையில் பிரெஞ்சு நிறுவனம் அதைத் தயாரித்தது. தாராளமயத்தின் முதல் அலையில் வந்த மாப்பிள்ளை. உபசாரம் பலமாகவே இருந்தது. பிறகு தொழிலாளர் தகராறு, கூட்டாளிகளுக்குள் கசப்பு. 1997-ல் பியூஜோ மூட்டையைக் கட்டியது. கார் வாங்கியவர்களால் அப்படிக் கிளம்ப முடியவில்லை.

ஐரோப்பாவிலேயே 309 ஒரு வளர்ப்புப் பிள்ளைதான். டால்பட் என்ற பெயரில் வரவேண்டிய கார். அந்தப் பெயருக்கே எதிர்காலம் இல்லை என்றானதும் 1985-ல் பியூஜோ சிங்கத்தை ஒட்டிக்கொண்டு வெளியே வந்தது. இந்தியாவில் அதன் கடைசி வண்டிகளுக்கும் கால் நூற்றாண்டுக்கு மேல் வயதாகிவிட்டது. இன்னும் அதை ஓட்டுகிறவர், விரும்பியோ விரும்பாமலோ, பாதி மெக்கானிக்.

ஒரு நல்ல செய்தி டீசல் வண்டிக்காரர்களுக்கு. 309-ன் 1,527 சிசி டீசல் எஞ்சினைத்தான் 1998-ல் மாருதி தன் ஜென், எஸ்டீம் டீசல் கார்களில் வைத்தது. கம்பெனி போன பிறகும் எஞ்சின் இங்கேயே தங்கிவிட்டது. டெல்லி மாயாபுரியிலும் மும்பை குர்லாவிலும் சென்னை புதுப்பேட்டையிலும் '309 சாமான்' என்று கேட்டால் உதட்டைப் பிதுக்குகிற கடைக்காரர், 'ஜென் டீசல்' என்றால் பரணில் கை வைப்பார். ஆனால் எல்லாம் அப்படியே பொருந்திவிடாது. பழையதைக் கையில் கொண்டுபோய் ஒப்பிட்டு, பெல்ட்டாக இருந்தால் பல்லை எண்ணிப் பார்த்து வாங்குவதே புத்தி.

அந்த டைமிங் பெல்ட்டில் கஞ்சத்தனம் காட்டக் கூடாது. ஓடும்போது அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதி வால்வு வளையும். எஞ்சின் தலையைக் கழற்ற வேண்டிவரும். கிலோமீட்டர் கணக்கு மட்டும் போதாது. அதிகம் ஓடாமல் நிற்கும் வண்டியிலும் ரப்பர் கிழடாகும். மாற்றும்போது ஃப்ளைவீல், கேம் சக்கரம், டீசல் பம்ப் சக்கரம் மூன்றையும் அவற்றின் துளைகளில் பின் செருகிப் பூட்ட வேண்டும். சாக்பீஸால் அடையாளம் போட்டுச் சமாளிப்பது சூதாட்டம். மாட்டியதும் ஸ்பேனரால் எஞ்சினைக் கையாலேயே இரண்டு சுற்றுச் சுற்றி, பின்கள் மறுபடி சரியாக இறங்குகின்றனவா என்று பார்த்த பிறகே சாவியைத் தொடலாம்.

அடுத்தது தண்ணீர். குழாய்த் தண்ணீரை ஊற்றி மூடியைத் திருகும் நம் ஊர் வழக்கம் இந்த எஞ்சினின் அலுமினியத் தலையை உள்ளிருந்து அரிக்கிறது. கூலன்ட் ஊற்றினாலும் காற்றை வெளியேற்றும் திருகுகளைத் திறந்துவிட்டு, குமிழியில்லாமல் வரும்வரை நிரப்ப வேண்டும். காற்று சிக்கினால் சென்சாருக்குச் சூடு தெரியாது, விசிறி சுற்றாது, கேஸ்கெட் போய்விடும். பல ஒர்க்ஷாப்களில் இந்தக் காருக்குக் கிடைத்த 'எப்போதும் சூடாகும் வண்டி' என்ற பட்டத்தில் பாதி இந்த அவசரத்தின் பரிசு.

வீட்டில் பார்க்கிறவர் பெரும்பாலும் கவனிக்காத இடம் பின்பக்கம். சமதரையில் நிறுத்தி, பத்தடி தள்ளி நின்று பின்சக்கரங்களைப் பார்க்க வேண்டும். மேல்பக்கம் உள்நோக்கிச் சாய்ந்திருந்தால், டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால், சக்கரத்தைத் தாங்கும் கையின் ஊசி பேரிங்குகள் போய்விட்டன என்று பொருள். சீல் வழியே நீர் புகுந்து துரு பிடிக்கிறது. அதோடு ஓட்டிக்கொண்டே இருந்தால் அச்சும் தேயும். ஆரம்பத்தில் பிடித்தால் பேரிங் செலவோடு முடியும். தாமதித்தால் லேத் பட்டறையில் அச்சே செய்ய வேண்டும். அல்லது கழித்த வண்டியிலிருந்து முழு ஆக்ஸிலையும் தேட வேண்டும். பழைய ஆக்ஸிலிலும் அதே நோய் இருக்கலாம் என்பதால் அதையும் ஆட்டிப் பார்த்தே வாங்க வேண்டும்.

இதை வீட்டு வாசலில் செய்யலாமா? செய்கிறவர்கள் உண்டு. ஆனால் செங்கல்லையும் ஹாலோ பிளாக்கையும் அடுக்கி அதன்மேல் வண்டியை உட்காரவைத்துவிட்டு அடியில் படுக்கிறவர் உயிரைப் பணயம் வைக்கிறார். ஹாலோ பிளாக் முன்னறிவிப்பின்றி நொறுங்கும். ஜாக்கி தூக்குவதற்கு மட்டும். தாங்க இரும்பு ஸ்டாண்ட் வேண்டும். பழைய காரின் பராமரிப்புச் செலவில் முதல் வரி அதுதான்.

இன்னொரு செலவும் உண்டு. 15 வயது தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ரூபாய்க்குத் தாவியது. பழசை ஒழிக்க அரசுக்கு ஆசை. நன்றாகப் பேணிய பழசுக்கும் பாழடைந்த பழசுக்கும் அந்தக் கட்டணம் வித்தியாசம் பார்ப்பதில்லை.

பின் ஆக்ஸிலைப் பிரிக்கத் துணிந்தவருக்குக் கடைசியாக ஒன்று. ஸ்பிரிங்குக்குப் பதில் அங்கே முறுக்குக் கம்பிகள். உருவுவதற்கு முன் கம்பியிலும் அது செருகியிருக்கும் இடத்திலும் நேர்நேராகப் பஞ்சால் ஒரு புள்ளி குத்தி, இடது வலது என்று பெயின்ட்டில் எழுதி வைக்க வேண்டும். ஒரு பல் மாறி மாட்டினாலும் வண்டி ஒருபக்கம் தாழ்ந்து நிற்கும். மறுபடி எல்லாவற்றையும் கழற்ற வேண்டும்.