பட்டு நீங்கிய பின்

காஞ்சிபுரத்துப் புடவையின் மகிமையைச் சொல்ல வருகிறவர்கள் முறுக்கேறிய பாவையும் கோர்வைக் கரையையும் சரிகை முந்தானையையும் வாயாரப் புகழ்வார்களேயன்றி, அந்தப் பட்டைக் கொடுத்துவிட்டுக் கொதிநீர்த் தொட்டியில் மிஞ்சிக் கிடக்கும் கூட்டுப்புழுவைப் பற்றி ஒரு வார்த்தையும் சொல்வதில்லை. பிள்ளையார்பாளையத்துத் தறிகளில் ஏறும் கச்சாப் பட்டு தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கங்களிலும் கர்நாடகத்து ராமநகரம், சிட்லகட்டா முதலிய ஊர்களிலும் நூற்கப்பட்டு வருவதால், அத்தொழிலின் துர்நாற்றம் இந்தக் கோயில் நகரத்தின் வீதிகளை எட்டுவதில்லை. ஆகவே அது நம்முடைய விவகாரமல்ல என்று நாமும் இருந்துவிட்டோம்.

நூற்புக் கூடத்தில் நடப்பதைச் சற்று நின்று பார்க்க வேண்டும். உள்ளிருக்கும் உயிர் அந்துப்பூச்சியாகிக் கூட்டைத் துளைத்துக்கொண்டு வெளியேறினால் இழை அறுந்துபோகும் என்பதால், முதலில் வெப்பத்தால் அதைக் கொன்று, பிறகு கூடுகளைச் சுடுநீரில் இட்டுப் பசையை இளகச் செய்து, நுனி கண்டு இழையைச் சுற்றி எடுக்கிறார்கள்; வெண்கூடு மெலிந்து மெலிந்து உள்ளே இருப்பது நிழலாகத் தெரியுமளவு ஆகி, கடைசியில் பழுப்பு நிறப் புழு மட்டும் எஞ்சுகிறது. ஒரு கிலோ கச்சாப் பட்டுக்கு உலர்ந்த புழு சுமார் 2 கிலோ தேறும் என்பது வழக்கமான கணக்கு. முகூர்த்தப் புடவை ஒன்றில் எவ்வளவு பட்டு உண்டோ, அதைப்போல் இரு மடங்கு புழு எங்கோ ஓரிடத்தில் குவிந்திருக்கிறது என்று பொருள். அதில் பாதிக்குமேல் புரதம்; கால் பங்கு அளவுக்குக் கொழுப்பு. இவ்வளவு சத்துள்ள பதார்த்தம் திறந்த வெளியில் காய்ந்து, எருவாகவோ அற்ப விலைக்குக் கோழித் தீவனமாகவோ போகிறது.

மறுபுறம், புரதத்துக்காகத் தவிப்பது மீன் வளர்ப்புத் தொழில். 2022ஆம் ஆண்டில், உலகில் பிடிபட்ட மீன், இறால் முதலியவற்றைவிட வளர்க்கப்பட்டவையே அதிகம் என்று ஐக்கிய நாடுகளின் உணவு, விவசாய ஸ்தாபனம் கணக்கிட்டது. கட்லாவும் ரோகுவும் தவிட்டோடும் கடலைப் புண்ணாக்கோடும் திருப்தியடையும். கொடுவாவும் இறாலும் அப்படியல்ல, அவற்றின் தீனியில் மீன்தூள் முக்கிய ஸ்தானம் வகிக்கிறது. ஒரு கிலோ மீன்தூளுக்கு 4, 5 கிலோ பச்சை மீன் வேண்டும். அதற்காக மத்தியும், ராமேசுவரத்தார் சங்காயம் என்று ஒதுக்கும் பொடிமீனும் குஞ்சும் ஆலைக்குச் செல்கின்றன. பெரு நாட்டில் 2023ஆம் ஆண்டின் முதல் பருவ நெத்திலி வேட்டை ரத்தானபோது உலகச் சந்தையில் மீன்தூளின் விலை எகிறியது. கடலின் பாரத்தைக் குறைக்க வந்த தொழில் கடலையே நம்பி நிற்பது எத்தனை நாளைக்குச் செல்லும்?

புழுவைத் தீனியாக்குவதில் ஆபத்தே இல்லை என்று நான் வாதிடவில்லை. ஜப்பானில், கொழுப்புக் கெட்டுச் சிக்கெடுத்த கூட்டுப்புழுவைத் தின்ற கெண்டைகள் முதுகுச் சதை வற்றி, நீரிழிவு போன்ற வியாதிக்கு ஆளான சரித்திரம் உண்டு. நாற்றம் மீனின் மாமிசத்திலும் ஏறும். இவ்விரு தோஷங்களுக்கும் மூலம் அக்கொழுப்பே. நூற்ற கையோடு உலர்த்தி, எண்ணெயைப் பிழிந்தெடுத்துவிட்டால் புரதத்தின் விகிதமும் உயர்கிறது, எண்ணெயும் சோப்புத் தொழிலுக்கு உதவுகிறது. 2017ஆம் ஆண்டில் ஏழு வகைப் பூச்சிகளின் புரதத்தை மீன் தீனிக்கு அனுமதித்த ஐரோப்பிய ஒன்றியம், 2021ஆம் ஆண்டில் பட்டுப்புழுவையும் அந்த வரிசையில் சேர்த்துக்கொண்டது.

காஞ்சி காமகோடி பீடத்தின் சந்திரசேகரேந்திர சரஸ்வதி ஸ்வாமிகள், புழுக்களைக் கொன்று பெறும் பட்டை உடுத்த வேண்டாமென்று பட்டுக்குப் பேர்போன இவ்வூரின் பெயர் தாங்கிய பீடத்திலிருந்தே உபதேசித்தார். அந்த உபதேசத்தைக் கைக்கொள்ளாதவர்கள் நம்மில் மிகப் பலர். நமக்கு அடுத்தபடியாக ஒரு கடமையாவது உண்டு: கொன்றதை வீணாக்காதிருத்தல்.

அதற்கான வழி தூரத்தில் இல்லை. நூற்பாளரிடமிருந்து பட்டு நூலை வாங்கி நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களுக்கு அளிக்கும் டான்சில்க் நிறுவனம் காஞ்சிபுரத்திலேயே இருக்கிறது. நூலை வாங்கும் அதே கையால் உலர்த்திய புழுவையும், ஈரத்தையும் கொழுப்பின் நிலையையும் சோதித்துத் தரத்துக்கேற்ற விலை கொடுத்து அது வாங்கலாம். உள்நாட்டுப் பொருள்களைக் கொண்டே இறால் தீனி தயாரிக்கும் முறையை வகுத்த மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிலையம், 2019 வரை காஞ்சிபுரம் மாவட்டத்தைச் சேர்ந்திருந்த முட்டுக்காட்டில் பரிசோதனைப் பண்ணையை நடத்துகிறது. பட்டு வளர்ச்சித் துறையும் மீன்வளத் துறையும் இவ்விரண்டையும் ஒரே மேஜையில் உட்கார வைத்து, தருமபுரியில் உலர்த்தி எண்ணெய் நீக்கும் பொதுக்கூடம் ஒன்றை முதலில் அமைக்கட்டும். நாற்றத்துக்கு நடுவே நாளெல்லாம் கொதிநீரில் கைவிட்டு நிற்கும் நூற்பாளிக்குப் பட்டு விலை சரியும் மாதங்களிலும் ஒரு வருமானம் நிற்கும். கடலிலும் அவ்வளவுக்குச் சங்காயம் மிஞ்சும்.