தேதியோடு ஒரு படம்!



"முன்பெல்லாம் இந்த ஏரிக்கு எவ்வளவு பறவைகள் வரும் தெரியுமா?" என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். "எத்தனை பறவை தாத்தா? எந்த வருஷம்?" என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலும் பதில் வராது. அன்று யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால், நாம் எவ்வளவு இழந்தோம் என்பதே தெரியாமல் போய்விட்டது.

எழுதி வைத்த ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். அவர் பெயர் மா. கிருஷ்ணன். 1912-இல் திருநெல்வேலியில் பிறந்தவர், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். பல காமிராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தாமே ஒரு காமிராவை அமைத்துக்கொண்டார். முதுமலை போன்ற காடுகளில் யானைகளையும் மற்ற விலங்குகளையும் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்தார். படத்தோடு நிற்கவில்லை, கண்டதையெல்லாம் குறித்தும் வைத்தார். 1950 முதல் 1996-இல் மறையும் வரை, 46 ஆண்டுகள், 'ஸ்டேட்ஸ்மன்' நாளிதழில் இயற்கையைப் பற்றி எழுதினார்.

படம் எப்படிச் சாட்சியாகிறது? புலியைப் பாருங்கள். நம் கைரேகையைப் போல, ஒரு புலியின் கோடுகள் இன்னொரு புலிக்கு இருக்காது. 2018-19 புலிக் கணக்கெடுப்பில் நாடெங்கும் 26,838 இடங்களில் தானியங்கிக் காமிராக்களை வைத்தார்கள். கிடைத்த படங்கள் 3 கோடியே 48 லட்சத்துக்கும் மேல்! அவற்றில் புலிப் படங்கள் 76,651 மட்டுமே. கோடுகளை ஒப்பிட்டு 2,461 புலிகளைத் தனித்தனியாக அடையாளம் கண்டார்கள். எங்கே, எப்போது எடுத்த படம் என்ற குறிப்பு இல்லாவிட்டால், அத்தனை உழைப்பும் வீண்தானே?

செடிகொடிகளுக்கும் இதே விதிதான். எங்கள் புதுச்சேரியில் 1955-இல் தொடங்கப்பட்ட பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில், உலர்த்திக் காகிதத்தில் ஒட்டிய தாவரங்கள் 20 ஆயிரத்துக்கும் மேல் உள்ளன. பறித்த இடம், பறித்த நாள் ஆகியவற்றைச் சொல்லும் சீட்டு இல்லாவிட்டால், அவை வெறும் காய்ந்த இலைகள்!

இதற்காகக் காட்டுக்குப் போகவேண்டியதில்லை. முதலியார்பேட்டைக்கு அருகில் தேங்காய்த்திட்டுக் கழிமுகம் இருக்கிறது. அலையாத்தி மரங்களும் கொக்குகளும் அங்கே உண்டு. மீன்பிடித் துறைமுகமும் உண்டு. உங்கள் ஊரிலும் ஒரு குளமோ ஆலமரமோ இருக்கும்.

மாதம் ஒருமுறை, பெரியவர்களோடு, ஒரே இடத்துக்குப் போங்கள். ஒரே இடத்தில் நின்று, ஒரே திசையில் படம் எடுங்கள். காமிரா இல்லையா? வரையுங்கள். தேதி, நேரம், இடம், பார்த்தவை, அவற்றின் எண்ணிக்கை எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். பெயர் தெரியாத பறவையா? நிறத்தையும் அலகையும் குறித்துக்கொள்ளுங்கள், ஊகித்து எழுதவேண்டாம். கூட்டைத் தொடாதீர்கள். பறக்கும் படத்துக்காகக் கல்லெறியாதீர்கள்.

ஒரு மாதத்தில் எதுவும் தெரியாது. பத்து ஆண்டுகள் கழித்து, "இங்கே மரமே இருந்ததில்லை" என்று யாராவது சொல்லலாம். அப்போது உங்கள் நோட்டு பேசும். உங்கள் பேரக்குழந்தைகள் "எத்தனை? எந்த வருஷம்?" என்று கேட்டால், உங்களிடம் பதில் இருக்கும்.

இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கலாம் அல்லவா?

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்