கல் பாடுகிறதாம்!

நமது பனமரத்துப்பட்டிப் பக்கத்திலிருந்து மதுரைக்கும் சுசீந்திரத்துக்கும் யாத்திரை போய் வருகிறவர்கள், அங்குள்ள கல்தூண்களைத் தட்டினால் சங்கீதம் பிறக்கிறதென்றும், அது சுவாமியின் மகிமையென்றும் சொல்லிக் கன்னத்தில் போட்டுக்கொள்ளுகிறார்கள். தூணில் ஓசை பிறப்பது உண்மை. அதை நாம் மறுக்கவில்லை. அதற்கும் சுவாமிக்கும் என்ன சம்பந்தம் என்பதே நமது கேள்வி.

குடத்தில் தண்ணீர் பிடிக்கும் பெண்களைக் கேளுங்கள். குடம் நிறைய நிறைய ஓசை ஏறுகிறது. எட்டிப் பார்க்காமலே நிறையப் போவதைச் சொல்லிவிடுவார்கள். குடத்துக்குள் அகப்பட்ட காற்று அலையலையாய் மோதித் திரும்பி, தன் அளவுக்கு ஏற்ற ஓசையை மட்டும் பெருக்கிக் காட்டுகிறது. காற்றுக்கு இடம் குறையக் குறைய ஓசை உயருகிறது. இதற்கு ஒத்ததிர்வு என்று பெயர். அந்தக் குடத்துக்கு எந்தப் புரோகிதர் மந்திரம் ஓதினார்?

தூணின் சங்கதியும் இதுவே. கருங்கல்லை மெல்லிய தூணாகச் செதுக்கி, மேலும் கீழும் அசையாமல் நிறுத்தியிருக்கிறார்கள். தட்டினால் அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு வளைந்து நிமிருகிறது. அந்த அலை இரு முனைகளுக்கும் நடுவே சிறைப்பட்டு ஓசையாகிறது. நீளமும் பருமனும் மாறினால் சுரமும் மாறும். ஹம்பி விட்டலர் கோயில் தூண்களைக் கல்பாக்கம் அணு ஆராய்ச்சி மையத்தார் கருவிகளால் சோதித்து 2008-ல் முடிவை வெளியிட்டார்கள். தூண்கள் உள்ளே பொள்ளலில்லாத கெட்டிக் கல். வளைந்து அதிர்வதாலேயே ஓசை எழுகிறது என்பதே அம்முடிவு.

சுவாமியின் சக்தியானால், பக்தன் தட்டும்போது பாடி, நாத்திகன் தட்டும்போது ஊமையாக வேண்டாமா? கல்லுக்கு ஜாதி தெரியாது. மனிதனுக்குத்தான் தெரிந்தது! சுசீந்திரம் கோயிலைச் சுற்றியுள்ள தெருவில் நடப்பதற்கே 1926-ல் சத்தியாக்கிரகம் செய்ய வேண்டியிருந்தது. 1936-ல் திருவாங்கூர் மன்னர் பிரகடனம் செய்த பிறகே உள்ளே போக வழி பிறந்தது. மதுரை மீனாட்சி கோயிலுக்குள் தாழ்த்தப்பட்டோர் நுழைந்ததோ 1939 ஜூலை 8-ல்தான். யார் தட்டினாலும் ஒலிக்கக் கல் தயாராயிருந்தது. தட்ட வந்தவனைத் தடுத்தது எந்த மகிமை?

கல்லின் குணமறிந்து உளி பிடித்த சிற்பியின் பெயரை எந்த அர்ச்சகர் சொல்லுகிறார்? உழைத்தவன் அறிவைப் பிடுங்கிச் சாமிக்குச் சூட்டுவதற்குப் பெயர் பக்தியா?

ஆகவே, யாத்திரை போகிறவர்கள் பிள்ளைகளையும் கூட்டிப் போங்கள். தூணைக் கும்பிடச் சொல்லாதீர்கள். அது ஏன் ஒலிக்கிறது என்று கேட்கச் சொல்லுங்கள். அந்த ஒரு கேள்விக்கு முன் எந்த மகிமை நிற்கும்?